ஐந்தாவது கொதிப்பு

ரங்கசாமி சார், என் கையெழுத்து தெளிவாக இருக்கிறது என்று செய்முறைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் எழுதியதற்கு நன்றி. பள்ளியில் படித்த காலத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கேள்வியும் எழுதியிருந்தீர்கள். ஒரே வண்டி, ஒன்பது வாரத்தில் ஐந்து முறை, ஐந்து வெவ்வேறு காரணங்களால் கொதித்தது எப்படி என்று. நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொன்னால் ஏதாவது விட்டுப்போகும் என்று பயந்து எழுதியே தருகிறேன். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. செவ்வாய், வியாழன் மாலை வாகனப் பழுதுபார்ப்பு வகுப்பில் மூன்றாவது வரிசை, ஜோனிட்டா. பகலில் பாச்சாங்கில் ஓர் உதிரிபாகக் கடையில் கவுண்டரில் இருக்கிறேன். மற்ற மாணவர்கள் பட்டறையில் வேலை செய்பவர்கள். அவர்கள் கண்முன்னே தினமும் ஏதாவது ஒரு வண்டி ஆவி விட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. என் முன்னால் வருவது அட்டைப்பெட்டிகள் மட்டும். இன்ஜின் சூடாவது பற்றி ஐந்து பதிவுகள் வேண்டும், நேரில் பார்த்தவையாக இருக்க வேண்டும், தானாக நிகழ்ந்தவையாக இருக்க வேண்டும், வீடியோவில் பார்த்ததை எழுதக் கூடாது என்று சொன்னீர்கள். அதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் நாகமுத்து அங்கிள் இருக்கிறார். டுரியான் துங்காலில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து தெரியும். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு டீசல் ஃபோர்வீல் காடி ஒன்று வைத்திருந்தார். சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே, செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி, அவருக்கு இரண்டு ஏக்கரில் டுரியான் மரங்கள் வைத்த கெபுன் உண்டு. கடைசி ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் மேடு. மழை பெய்தால் வேறு எந்த வண்டியும் அதில் ஏறாது.

முப்பது வருட வண்டி என்பதால் எப்படியும் மாதத்துக்கு ஒரு முறையாவது சூடாகும் என்று கணக்குப் போட்டேன். மூன்று வாரம் காத்திருந்தேன். ஊசி நடுவைத் தாண்டவே இல்லை. அங்கிள் அதை மிக நன்றாகப் பராமரித்திருந்தார். பிரச்சினையே அதுதான்.

முதல் பதிவு கூலண்ட் பற்றாக்குறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்க் கேட்டேன்.

"அங்கிள், வகுப்புக்குப் பழைய கூலண்ட் நிறத்தப் பாக்கணும். கொஞ்சம் எடுத்துக்கவா?"

"எடு லா. நல்ல பச்சையா இருக்கும் பாரு. மூணு மாசம் முன்னதான் மாத்துனேன். பேசின் நான் புடிச்சிக்கிறேன்."

அவரே குனிந்து பேசினைப் பிடித்தார். ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தினேன். ஒரு கிளாஸ் அளவு எடுப்பதாகத்தான் இருந்தேன். அவர் மனைவி ராஜம்மா ஆன்ட்டி தே ஓ தேநீர் கலந்துவிட்டுக் கூப்பிட்டார். அங்கிள் உள்ளே போனார். அவர் திரும்பி வருவதற்குள் இரண்டரை லிட்டர் இறங்கியிருந்தது. பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் டேங்க் கோடு வரை நிரம்பியே இருந்தது. அங்கிள் காலையில் பார்ப்பது அந்தக் கோட்டை மட்டும்தான். பழைய வண்டிகளில் டேங்க்கை மட்டும் நம்பக் கூடாது, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது எவ்வளவு உண்மை என்று அன்று புரிந்தது.

மறுநாள் டேம் ரோட்டிலிருந்து போன் வந்தது. "ஜோனி, காடி சூடாயிருச்சு லா. என்னான்னே தெரியல."

விடுப்பு சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் போனேன். அவர் மூடியில் கை வைக்கப் போனார். தடுத்தேன். நிழலில் தள்ளி, பானெட்டைத் திறந்து, நாற்பத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். பிறகு தடித்த துணியால் மூடியைப் பிடித்து, பாதி திருகி ஆவியை விட்டு, மெதுவாக ஊற்றினோம். நான் கொண்டுபோனது சரியாக இரண்டரை லிட்டர்.

"எப்படிமா அளந்து வச்ச மாதிரி கொண்டாந்த?" என்று கேட்டார்.

"படிக்கிறேன்ல அங்கிள்."

அவர் அதை அன்று மாலையே தாமான் முழுவதும் சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இரண்டாவது பதிவு ரேடியேட்டர் மூடி. எங்கள் கடையில் வாடிக்கையாளர்கள் கழற்றிப்போடும் பழைய சாமான்களுக்கு ஒரு பெட்டி உண்டு. அதிலிருந்து ஸ்பிரிங் தளர்ந்த ஒன்றை எடுத்து அங்கிள் வண்டியில் மாட்டினேன். மூடி அழுத்தத்தைத் தாங்கவில்லையென்றால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். சிறிய சாமான், பெரிய விளைவு. இதைப் பதிவில் நன்றாக விளக்கியிருக்கிறேன், நீங்களும் டிக் போட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பக்கத்தில் 'பாதுகாப்பு' என்ற தலைப்பின் கீழ், ஓட்டுநர் பொறுமை இழந்து சூடான மூடியைத் திறக்கக்கூடும் என்று எழுதியிருப்பேன். தேதியைப் பார்த்தால் தெரியும், அதை முந்தின நாளே எழுதிவிட்டேன். இந்த முறை வண்டி சிம்பாங் அம்பாட் சாலைச் சந்திப்பில், சிவப்பு விளக்கில் நின்றது. போகிற வழியில் நான் பெட்ரோல் நிரப்பினேன். டயரில் காற்றும் பார்த்துக்கொண்டேன். அவசரமாகப் போனால் கவனிப்பில் பிழை வரும். நான் போய்ச் சேர்ந்தபோது அங்கிள் சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு மூடியைத் திறந்திருந்தார். வலது மணிக்கட்டும் இரண்டு விரலும் வெந்திருந்தன. கிளினிக்கில் கட்டுப் போட்டு, பத்து நாளில் ஆறிவிடும் என்றார்கள். ஒன்பது நாளில் ஆறியது.

அந்த ஒன்பது நாளில் ஒரே ஒரு நாள் தவிர நான்தான் அவருக்காக வண்டி ஓட்டினேன். ராஜம்மா ஆன்ட்டி தினமும் எனக்கு இட்லி கொடுத்தனுப்பினார்.

மூன்றாவது ஃபேன் பெல்ட். பெல்ட் சரியாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்போம் என்றேன். கட்டுப் போட்ட கையோடு அங்கிளே ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். அழுத்தினால் ஒரு விரல் அகலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. நான் மூன்று விரல் இறங்கும்படி விட்டேன். கிளம்பும்போது பறவை கத்துவது போல ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டவுடன் நிறுத்த வேண்டும். அங்கிளுக்கு இடது காது கொஞ்சம் மந்தம்.

பாச்சாங்கில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போகிற வழியில் அது நின்றது. அன்று மட்டும் அங்கிளே ஓட்டினார். ராஜம்மா ஆன்ட்டி பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூவோடு, வெயிலில் பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். வேனில் போன ஒருவர் தலையை நீட்டி, "என்னாக்கா, கல்யாணம் இங்கயா? மாப்பிள்ள எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் போய்ச் சேர்ந்து இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தேன். பெல்ட்டை இறுக்கி, வண்டி கிளம்பத் தயாரானதும் ஆன்ட்டி அங்கிளைப் பார்த்துச் சொன்னார்.

"கேட்டுக்குங்க. இன்னொரு தரம் இந்தக் காடி ரோட்டுல நின்னுச்சுன்னா, மறுநாளே வித்துடணும். ஜோனி சாட்சி. முருகன் மேல சத்தியம் பண்ணுங்க."

"சரி லா, ஏறு."

"சரி லா இல்ல. சத்தியம்."

அங்கிள் கட்டுப் போட்ட கையை உயர்த்திச் சத்தியம் செய்தார். அன்று சாயங்காலம் வேலிப் பக்கம் வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"இந்தக் காடி போச்சுன்னா கெபுனும் போச்சு ஜோனி. அந்த மேட்டுல எதுல ஏறுவேன்? அப்புறம் வூட்டுல ஒக்காந்து சீரியல் பாத்துக்கிட்டு, ஒங்க ஆன்ட்டிகிட்ட திட்டு வாங்கிட்டே சாக வேண்டியதுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த வாரம் முழுவதும் தினமும் இரண்டு முறை பானெட்டைத் திறந்து பார்த்தார். என்னைக் கூப்பிட்டும் பார்க்கச் சொன்னார்.

எனக்கு அது மிகவும் சங்கடமாக இருந்தது. ஒரு வியாழக்கிழமை வகுப்பு முழுவதும் நீங்கள் சொன்னது எதுவும் மனதில் பதியவில்லை. இன்னும் இரண்டு பதிவு பாக்கி. வண்டி ரோட்டில் நின்றால் அவர் வாழ்க்கை கெடும். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நான்காவது நிகழ்வு வீட்டு வாசலிலேயே நடந்துவிட்டால் சத்தியத்துக்கு எந்தப் பங்கமும் இல்லை. இந்த அளவுக்கு வேறு யாராவது யோசித்திருப்பார்களா என்று தெரியவில்லை.

அதற்குத் திறக்காமல் இறுகிப்போன ஒரு தெர்மோஸ்டாட் தேவைப்பட்டது. கடைப் பெட்டியில் மூன்று கிடைத்தன. எது முழுதாக இறுகியிருக்கிறது என்று பார்க்க, வீட்டுப் பால் சட்டியில் தண்ணீர் வைத்து, வெப்பமானியோடு ஒவ்வொன்றாகப் போட்டுச் சூடாக்கினேன். என் அம்மா அக்னஸ் சமையலறைக்குள் வந்தார்.

"பால் சட்டியில என்னாடி இரும்பு வேகுது?"

"பரீட்சைம்மா."

"பரீட்சைன்னா பேப்பர்ல எழுதுவாங்க. நீ என்னா சூப் வைக்கிற?"

நல்ல தெர்மோஸ்டாட் எண்பத்திரண்டு டிகிரியில் வாய் திறந்து, சூடான தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். மூன்றில் ஒன்று தொண்ணூற்றாறு டிகிரியிலும் திறக்கவில்லை. அதை எடுத்து வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை அவர்கள் பசாருக்கு நடந்து போயிருந்தபோது மாற்றினேன். போகும்போது அங்கிளே சாவியைக் கொடுத்து, "எதுக்கும் ஒருவாட்டி செக் பண்ணி வச்சிரு" என்று சொல்லியிருந்தார்.

சனிக்கிழமைகளில் அவர் வண்டியை ஓடவிட்டு, குளிர்சாதனத்தையும் போட்டுவிட்டுத்தான் கூடை, அரிவாள், தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றுவார். அந்தச் சனிக்கிழமை இருபத்திரண்டாவது நிமிடத்தில் வாசலிலேயே ஆவி வந்தது. மேல் குழாய் கை வைக்க முடியாத சூடு, கீழ்க் குழாய் சில்லென்று இருந்தது. பாடப்புத்தகத்தில் உள்ளது போலவே. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்றால் நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நல்ல தெர்மோஸ்டாட்டை நானே போட்டுக் கொடுத்தேன்.

"நின்னுச்சு பாத்தீங்களா" என்றார் ஆன்ட்டி.

"வாசல்ல தானே நின்னுச்சு. ரோட்டுலயா நின்னுச்சு?" என்றார் அங்கிள்.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் சாட்சி. "ரோட்டுல இல்ல ஆன்ட்டி" என்றேன். அது உண்மை.

அதோடு நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். நான்கு பதிவோடு குறிப்பேட்டைக் கொடுத்துவிடலாம், மதிப்பெண் குறைந்தால் குறையட்டும் என்று நாட்குறிப்பில் எழுதினேன். தேதியோடு இருக்கிறது, காட்டத் தயார்.

ஆனால் நான்கு தடவை காரணமில்லாமல் சூடானால், மனிதர்கள் காரணம் தேடத்தானே செய்வார்கள். இது யாரோ வைத்த கண் என்று ராஜம்மா ஆன்ட்டி முடிவுக்கு வந்தார். எலுமிச்சம்பழம் நசுக்கினார். பூசணிக்காய் உடைத்தார். என் அம்மாவும் சும்மா இருக்கவில்லை. மாதா கோயிலிலிருந்து மந்திரித்த தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் அந்தப் பிளாஸ்டிக் டேங்க்கில் ஊற்றிவிட்டார். அதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா, அம்மா சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை டுரியான் விழத் தொடங்கியிருந்தது. கூடை தூக்க நானும் வருகிறேன் என்றேன். வாசலில் வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். முன் கிரில் கண்ணுக்கே தெரியவில்லை. கோயிலில் சாமிக்குச் சாத்திய செவ்வந்தி மாலையை மூன்றாக மடித்து, குறுக்கே நெருக்கிக் கட்டியிருந்தார் ஆன்ட்டி. இடைவெளிகளில் வேப்பிலைக் கொத்துகளைச் செருகி, அதற்கு மேல் ஒரு சிவப்புத் துணியையும் இழுத்துக் கட்டியிருந்தார். பின்னால், ரேடியேட்டர் தகடுகளில், போன வார மழையின் செம்மண் காய்ந்து அப்பியிருந்தது. அதை உள்ளிருந்து வெளியே மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"காத்துகூட நுழையாது. அப்படி கட்டியிருக்கேன்" என்றார் ஆன்ட்டி. "இனிமே எந்தக் கண்ணு உள்ள போவுது பாக்குறேன்."

"அழகா இருக்கு ஆன்ட்டி" என்றேன்.

ரேடியேட்டருக்கு வேண்டியதே காற்றுதான். அதை அவிழ்க்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் அது அவர்களுடைய பக்தி. நான் வேறு மதம். தவறாக நினைத்துவிடுவார்களோ என்று தயங்கினேன். தயங்கிக்கொண்டே குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

தார்ச்சாலை முழுவதும் ஊசி நடுவுக்குச் சற்று மேலேயே நின்றது. ஒன்பது மணி பன்னிரண்டுக்குச் செம்மண் மேடு தொடங்கியது. அங்கிள் நான்கு சக்கரத்தையும் இணைத்து, தாழ்ந்த கியரில் மெதுவாக ஏற்றினார். மெதுவாகப் போனால் எதிர்க்காற்றும் இல்லை. ஒன்பது பதினாறுக்கு ஊசி முக்கால். ஒன்பது பத்தொன்பதுக்குச் சிவப்பு.

"அங்கிள், ஊசி ஏறுது."

"தெரியுது."

"நிறுத்துனா நல்லது."

சற்றுத் தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். அவருடைய இடது காதுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் அவருக்குக் கேட்டது.

"நிறுத்துனா ரோட்டுல நின்ன கணக்கு. சத்தியம் பண்ணியிருக்கேன்ல? இன்னும் எழுநூறு மீட்டர். நம்ம வேலிக்குள்ள போயிட்டா அது நம்ம நெலம், ரோடு இல்ல. அங்க நின்னா சாமிகூட கேக்க முடியாது." டாஷ்போர்டைத் தட்டிக் கொடுத்தார். "போ லா. போ. கொஞ்ச தூரம்தான்."

சிவப்பைத் தொட்ட பிறகு ஓட்டக் கூடாது என்பது முதல் வகுப்பிலேயே நீங்கள் சொன்னது. எழுநூறு மீட்டர் என்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தையும் நிமிடவாரியாகப் பதிவு செய்திருக்கிறேன். மூன்றாவது நிமிடம் இனிப்பான வாசனை, கூலண்ட் கொதிப்பது. நான்காவது நிமிடம் இன்ஜின் சத்தம் மாறியது, சாவிக்கொத்தைக் குலுக்குவது போல. ஐந்தாவது நிமிடம் நாங்கள் வேலியைத் தாண்டினோம்.

முதல் டுரியான் மரத்தடியில் வண்டி தானாக நின்றது. அங்கிள் கைதட்டிச் சிரித்தார். "பாத்தியா ஜோனி! ரோட்டுல நிக்கல. நீதான் சாட்சி."

"ஆமா அங்கிள்."

அதற்குப் பிறகு அது கிளம்பவில்லை. ஆறிய பின் ஒரே ஒரு முறை இரண்டு நிமிடம் ஓடி, பின்குழாயில் வெள்ளைப் புகையைத் தள்ளிவிட்டு அடங்கியது. எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே தே தாரிக் போல பால் டீ நிறத்தில் நுரை. ஹெட் கேஸ்கெட் போய், தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டது. சிலிண்டர் ஹெட்டும் வளைந்திருந்தது என்று பிறகு பட்டறையில் சொன்னார்கள். அந்த மாடலுக்கு இப்போது ஹெட் கிடைப்பதில்லை. அது எனக்கு முன்பே தெரியும். கவுண்டரில் இருப்பவள் நான்தானே.

வண்டியைப் பழைய இரும்புக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ராஜம்மா ஆன்ட்டி அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாலை இன்னும் கொஞ்சம் பெரியதாகக் கட்டியிருக்க வேண்டும் என்று சொல்லி அழுதார். அங்கிள் இப்போது வண்டி நின்ற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த வருடப் பழத்தைக் கெபுனில் யார் பொறுக்கினார்கள் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் எழுந்து வேலிக்கு வருவார்.

"நீ நிறுத்தச் சொன்ன. நான்தான் கேக்கல. ஒன்மேல ஒரு தப்பும் இல்ல ஜோனி" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். மூன்று முறையும் நான் மறுத்துப் பேசவில்லை. பெரியவர்கள் பேச்சை மறுப்பது எங்கள் வீட்டில் பழக்கம் இல்லை.

வரும் ஞாயிறு சிம்பாங் அம்பாட்டில் ஒரு பழைய ஃபோர்வீல் விலைக்கு வருகிறதாம். வாங்குவதற்கு முன் நான் வந்து பார்க்க வேண்டும் என்கிறார். வாங்கிய பிறகும் நானே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அடுத்த பருவத்தில் பிரேக் பாடம் என்றும், ஆறு பதிவு தேவை என்றும் அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். இரண்டுக்கும் தொடர்பில்லை.

இவ்வளவுதான் சார். எதையும் மறைக்கவில்லை. தானாக நிகழ்ந்தவையாக இருக்க வேண்டும் என்ற விதியை நான் மீறியிருக்கிறேன். ஆகவே முதல் நான்கு பதிவுகளையும் நீங்கள் அடித்துவிடுவதுதான் முறை. நானே அடித்திருப்பேன், பக்கம் அசிங்கமாகும் என்று விட்டுவிட்டேன். ஐந்தாவதை மட்டும் அப்படியே வைத்து, அதற்குரிய மதிப்பெண்ணை முழுதாகத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அதில் நான் எதையும் தொடவே இல்லை.